62-ஆ, 327-ஆ? சைக்கிளில் ஏறிய உயரத்தை அளப்பது எப்படி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்த பிறகு சைக்கிள் குழு சார்பில் நடந்த உரையின் எழுத்து வடிவம். பேசியவர், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர்.)

பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ஒப்பந்தம், தண்ணீர் லாரி என்று ஒன்றரை மணி நேரம் பேசி முடித்து, வடையும் காபியும் வந்த பிறகு மைக்கை என் கையில் தந்திருக்கிறீர்கள். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

சைக்கிள் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் காலாண்டில் "யார் அதிக உயரம் ஏறினார்" என்று ஒரு போட்டி வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் கிளம்பி, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி போய், அதே வழியில் திரும்பினோம். போக வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரே சாலை, ஒரே நேரம், கூடவே ஓட்டிய மூன்று பேர். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒருவர் போன் 62 மீட்டர் ஏறியதாகச் சொல்கிறது. இன்னொருவருடையது 148. மூன்றாமவருடையது 327.

அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டாம். 327 காட்டியவரைப் பார்த்து, "அண்ணாச்சி, போனை மாடிக்கும் கீழேயுமாக எடுத்துக்கொண்டு போனீர்களா" என்று ஒருவர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அண்ணாச்சி அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வரவில்லை.

இதைவிட முக்கியமாக இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. அவர்கள் அனுமதியோடுதான் பேசுகிறேன். நம்மில் ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சமதளத்தில் ஓட்டலாம், பெரிய ஏற்றம் வேண்டாம் என்பது மருத்துவர் சொன்னது. அவர் இந்த 327-ஐப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஏற்றமா, எனக்கு ஆகாது" என்று சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார். இன்னொரு பக்கம், கல்லூரியில் படிக்கும் நம் தம்பி ஒருவர். "இந்த மாதம் மொத்தம் 1,800 மீட்டர் ஏறியிருக்கிறேன், கொடைக்கானலும் அவ்வளவுதானே, ஒரே நாளில் போய்விடலாம்" என்று கிளம்பத் தயாராக இருக்கிறார். ஒரே மாதிரியான தப்பான எண். ஒருவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது, இன்னொருவரை மலையில் தனியாகத் தவிக்க விடப் பார்க்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 327 காட்டியவர் பொய் சொல்லவில்லை. மற்ற இருவரும் சொல்லவில்லை. மூன்று போனும் மூன்று வெவ்வேறு விதமாகக் கணக்குப் போட்டிருக்கின்றன.

மொத்த ஏற்றம் என்றால் என்ன

நான் வேலையில் இருந்தபோது லெவல் எடுப்பது எனக்கு அன்றாடத் தொழில். கண்மாய்க்கு மடை வைக்க வேண்டும், கலுங்கு கட்ட வேண்டும் என்றால் முதலில் மட்டம் பார்ப்போம். முக்காலியில் லெவல் கருவி, தூரத்தில் ஒருவர் ஸ்டாஃப் பிடித்து நிற்பார். மடையின் மட்டம் அரை அடி தப்பினால் கடைமடைக்காரர் வயலுக்குத் தண்ணீர் போகாது. அதனால் அந்த லெவல் புத்தகம் எங்களுக்கு வேதம் மாதிரி.

அந்தப் புத்தகத்தில் ஏற்றம் என்று ஒரு பத்தி, இறக்கம் என்று ஒரு பத்தி இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியைவிட மேலே இருந்தால் ஏற்றத்தில் எழுதுவோம், கீழே இருந்தால் இறக்கத்தில். உங்கள் சைக்கிள் செயலி செய்வதும் இதே வேலைதான். ஏற்றப் பத்தியின் கூட்டுத்தொகையைத்தான் அது "நீங்கள் ஏறிய உயரம்" என்று காட்டுகிறது.

ஒரு உதாரணம். கிளம்பும் இடம் 100 மீட்டர் மட்டம். ஒரு மேம்பாலம் ஏறுகிறோம், உச்சி 108. மறுபக்கம் இறங்கினால் 99. பிறகு ஒரு கண்மாய்க் கரை, 103. அதிலிருந்து இறங்கி மறுபடி 100. ஏற்றம்: 8-ம் 4-ம், மொத்தம் 12. இறக்கம்: 9-ம் 3-ம், அதுவும் 12. கிளம்பிய இடத்துக்கே திரும்பியதால் இரண்டும் சமம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, நாம் நின்ற அதிகபட்ச உயரத்துக்கும் மொத்த ஏற்றத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே மேம்பாலத்தில் நூறு முறை ஏறி இறங்கினால் 800 மீட்டர் ஏறியதாகத்தான் கணக்கு. இரண்டு, ஏற்றப் பத்தியில் கூட்டல் மட்டும்தான் உண்டு, கழித்தல் இல்லை. ஒரு பிழை அந்தப் பத்திக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த பிழை வந்து அதைச் சரிக்கட்டாது. ஏறிக்கொண்டே போகும்.

செயற்கைக்கோள் சொல்லும் உயரம்

சாதாரண போன் உயரத்தை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து கணக்கிடுகிறது. இடம் சொல்வதில் அது கெட்டிக்காரன். உயரம் சொல்வதில் அவ்வளவு இல்லை. காரணம் எளிது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும்தான் இருக்கின்றன. காலுக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. நாலு பக்கமும் ஆள் நின்று கயிறு பிடித்தால் கம்பம் நேராக நிற்கும், ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் ஆடும் அல்லவா? அதுபோல. போன் சட்டைப் பையிலோ பையினுள்ளோ இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். சில மீட்டர் முன்னே பின்னே என்பது சர்வ சாதாரணம்.

இந்த ஆட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். முழுக்கச் சமமான சாலையில் ஓட்டும்போது போன் பத்து முறை உயரம் குறித்ததாக வைத்துக்கொள்வோம்: 101, 103, 100, 104, 102, 99, 103, 101, 104, 101. தொடங்கியதும் 101, முடித்ததும் 101. ஆனால் ஏற்றங்களை மட்டும் கூட்டுங்கள். 2, 4, 4, 3. மொத்தம் 13 மீட்டர். ஒரு அடிகூட ஏறாமல் நான்கு மாடி ஏறிய கணக்கு வந்துவிட்டது! இரண்டு மணி நேரப் பயணத்தில் போன் ஆயிரக்கணக்கான முறை உயரம் குறிக்கிறது. 327 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஊட்டியில் இருப்பவருக்கு இந்தப் பிழை பெரிய விஷயமில்லை. அவர் ஒரே காலையில் நிஜமாகவே 1,000 மீட்டர் ஏறுவார், அதில் 100 கூடினால் பத்து சதவீதம். நம் கதை வேறு. விருதுநகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர். சிவகாசியும் சுமார் 100 மீட்டர். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போனால்தான் நிலம் நாற்பது மீட்டர் போல உயர்கிறது. அதுவும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மெதுவாக. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவு. கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. கரிசல் காட்டில் உண்மையான ஏற்றம் கொஞ்சம்தான். அதனால் பிழைதான் பெரிதாகத் தெரிகிறது. நம் ஊரில் உண்மையைவிடப் பிழை பெரிதாக இருப்பது சாத்தியம்.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். சிலருடைய போனில் விருதுநகரின் உயரம் பத்து மீட்டர் அளவில் காட்டும். "நாம் என்ன தூத்துக்குடிக் கடற்கரையிலா இருக்கிறோம்" என்று கேட்பார்கள். செயற்கைக்கோள் கணக்குக்கு ஒரு வழவழப்பான கற்பனைப் பூமி அடிப்படை. நிஜக் கடல்மட்டம் அப்படி இல்லை. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் மேடு பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்கு 106 மீட்டர் கீழே. அதற்கான காரணத்தைப் பூமியின் ஆழத்தில் தேடி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நம் தென் தமிழகம் இருக்கிறது. இங்கே வித்தியாசம் 90 மீட்டருக்கும் மேல். நல்ல செயலிகள் இதைச் சரிசெய்துதான் காட்டும். சரிசெய்யாத செயலியில் நம் 100 மீட்டரில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஆனால் பயப்பட வேண்டாம். இந்த வித்தியாசம் பயணம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், ஆகவே ஏற்றக் கணக்கை அது கெடுப்பதில்லை.

காற்றழுத்தம் சொல்லும் உயரம்

விலை கூடிய போன்களிலும், சைக்கிள் கணினிகளிலும், சில கைக்கடிகாரங்களிலும் காற்றழுத்தமானி இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்பது மீட்டருக்கு ஒரு மில்லிபார். ஒரு மேம்பாலத்தைக்கூட அழகாகப் பிடித்துக் காட்டிவிடும். ஜி.பி.எஸ். போல நொடிக்கு நொடி ஆடாது. 62 காட்டியது இந்த வகைக் கருவிதான்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. உயரம் மாறாமலே காற்றழுத்தம் மாறும். மழை வரும்போது மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் தினமும் அழுத்தம் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது என்பது. காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் உச்சம். அதிகாலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழ்வு. கடலுக்கு ஓதம் போலக் காற்றுக்கும் ஓதம். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை மூன்று நான்கு மில்லிபார் குறையும். மீட்டரில் சொன்னால் முப்பது வரை. அதாவது, இந்த மேசை மேல் உங்கள் கருவியைக் காலையில் வைத்துவிட்டு மாலையில் பாருங்கள். மேசை பத்து மாடிக் கட்டடம் ஏறியதாகச் சொல்லும்.

ஆகவே, விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணிக்குத் திரும்புகிறவர் கணக்கில் கொஞ்சம் குறையும். சனிக்கிழமை பகலில் ஓட்டுகிறவருக்கு இலவசமாகக் கொஞ்சம் கூடும். போட்டி என்று வந்தால் இது நியாயமில்லை அல்லவா? இன்னொன்று, அந்தக் கருவியில் காற்று நுழைய ஊசித் துளை ஒன்று இருக்கும். வியர்வையோ மழைத் தண்ணீரோ அதை அடைத்தால் கணக்கு தாறுமாறாகும். துடைத்து வையுங்கள். குத்திச் சுத்தம் செய்யாதீர்கள்.

வரைபடம் சொல்லும் உயரம்

மூன்றாவது வழி: போன் உயரத்தையே அளக்காது. நீங்கள் போன பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் உயர வரைபடத்தில் வைத்துப் பார்க்கும். 148 இப்படித்தான் வந்தது.

அந்த வரைபடங்களில் புகழ்பெற்றது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. எண்டெவர் விண்ணோடம் பதினோரு நாள் பூமியைச் சுற்றி வந்து ரேடாரால் நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. பிரமாதமான வேலை. ஆனால் அதில் நிலம் முழுவதும் சுமார் முப்பது மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம்தான். நம் கண்மாய்க் கரைச் சாலை எத்தனை மீட்டர் அகலம்? கரை, பக்கத்தில் உள்ள கண்மாய்ப் பள்ளம், கரைமேல் உள்ள புளியமரம் எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்து கலந்துவிடும். ரேடார் மரத்தையும் கூரையையும்கூட நிலம் என்று எடுத்துக்கொள்ளும்.

பாலங்களில் இன்னும் தமாஷ். சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தில் சமமாகப் போகிறோம். இப்படிப்பட்ட இடத்தில் வரைபடம் பாலத்தை விட்டுவிட்டு ஆற்றுப் படுகையின் உயரத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்போது கணக்குப்படி நீங்கள் ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறியிருப்பீர்கள். இருக்கன்குடி கோயில் அர்ச்சுனா ஆற்றுக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே போய் வந்தவர்களுக்கு ஆத்தாள் அருளோடு கொஞ்சம் ஏற்றமும் சேர்ந்தே கிடைக்கும். மாறாக, 2000-க்குப் பிறகு கட்டிய மேம்பாலத்தில் நீங்கள் மூச்சு வாங்க ஏறியது அந்த வரைபடத்துக்குத் தெரியவே தெரியாது.

எது சரி?

"சரி, உண்மையான எண் என்ன?" என்று கேட்பீர்கள். பதில் கொஞ்சம் சங்கடமானது. எந்த அளவு வரை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு கண்மாய்க் கரையின் நீளத்தை நூறடிச் சங்கிலியால் அளந்தால் ஒரு எண் வரும். சாண் வைத்து ஒவ்வொரு வளைவையும் அளந்தால் அதைவிடப் பெரிய எண் வரும். கடற்கரைகளுக்கு இந்தச் சிக்கல் இருப்பதை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் கவனித்தார். அதை வைத்து 1967-இல் மண்டல்பிராட் எழுதிய கட்டுரையின் தலைப்பே "பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு" என்பதுதான். ஏற்றமும் அப்படியே. வேகத்தடையை ஏற்றமாகச் சேர்ப்பதா? சாலைக் குழியிலிருந்து மேலே வந்ததைச் சேர்ப்பதா? சேர்த்தால் நம் ஊர்ச் சாலைகள் இமயமலைக்குப் போட்டியாக வந்துவிடும்.

அதனால் செயலிகள் ஒரு வரம்பு வைக்கின்றன. தொடர்ந்து இத்தனை மீட்டர் ஏறினால்தான் கணக்கில் சேர்ப்பேன் என்று. ஸ்ட்ராவா தரும் விளக்கப்படி, காற்றழுத்தமானி உள்ள கருவி என்றால் வரம்பு 2 மீட்டர், இல்லாவிட்டால் 10 மீட்டர். நான் சொன்ன பத்து எண் உதாரணத்தில் 5 மீட்டர் வரம்பு வைத்துப் பாருங்கள். பொய்யான 13 அப்படியே பூஜ்யமாகிவிடும். ஆனால் 4 மீட்டர் கண்மாய்க் கரையும் கூடவே போய்விடும். வரம்பு சின்னதாக இருந்தால் பொய் நுழையும், பெரிதாக இருந்தால் உண்மை விழும். வெவ்வேறு செயலி வெவ்வேறு வரம்பு. எனவே இரண்டு பேர் இரண்டு செயலியில் வந்த எண்ணை ஒப்பிடுவதே தப்பு.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதலாவது, லிஃப்ட் சோதனை. உயரம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு தரைத் தளத்திலிருந்து ஐந்தாவது மாடிக்குப் போங்கள். ஒரு மாடி சுமார் மூன்று மீட்டர், ஆக 15 மீட்டர். லிஃப்டுக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை வராது. அப்படியும் உயரம் சட்டென்று பதினைந்து போல ஏறினால் உங்கள் போனில் காற்றழுத்தமானி இருக்கிறது, அது வேலையும் செய்கிறது. அசையாமல் நின்றால் அல்லது கண்டபடி ஆடினால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ரயில் நிலையச் சோதனை. நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல். என்று போட்டு ஒரு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கடல்மட்டத்துக்கு மேல் அந்த இடத்தின் உயரம். அப்படி உயரம் சொல்லும் முறைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1802-இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். பின்னாளில் இந்திய நில அளவைத் துறை சென்னை, நாகப்பட்டினம், கொச்சி உள்பட ஒன்பது கடலோர இடங்களின் சராசரிக் கடல்மட்டத்தை அடிப்படையாக வைத்து, நாடு முழுக்க லெவல் எடுத்து, 1909-இல் கணக்கை ஒருங்கிணைத்தது. கிளம்பும் முன் அந்தப் பலகைக்கு அருகே நின்று உங்கள் கருவியை அந்த எண்ணுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, முடிவுச் சோதனை. லெவல் எடுத்து முடிந்ததும் கிளம்பிய இடத்துக்கே வந்து கணக்கை முடிப்போம். நீங்களும் வாசலுக்குத் திரும்பியதும் உயரத்தைப் பாருங்கள். காலையில் இருந்ததற்கும் இப்போதைக்கும் இருபது மீட்டர் வித்தியாசம் என்றால் காற்றின் ஓதம் வேலை செய்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இது சரியாக வந்தால் மட்டும் போதாது. நம் பத்து எண் உதாரணத்தில் தொடக்கமும் முடிவும் 101-தான். அப்படியும் 13 மீட்டர் பொய் உள்ளே இருந்தது.

மூன்று பேருக்கும் என் பதில்

போட்டி விஷயத்துக்கு வருகிறேன். எவரெஸ்டிங் என்று ஒரு சவால் உலகம் முழுக்க நடக்கிறது. ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, எவரெஸ்ட்டின் உயரமான 8,848 மீட்டரைச் சேர்க்க வேண்டும். 2020 ஜூனில் லாக்லன் மார்ட்டன் என்ற தொழில்முறை வீரர் அமெரிக்காவில் கொலராடோவில் ஏழரை மணி நேரத்தில் முடித்து உலக சாதனை என்று அறிவித்தார்கள். பிறகு சரிபார்த்தால், அவர் ஏறிய மேட்டின் உயரம் கணக்கில் கூடுதலாக இருந்திருக்கிறது. மொத்தத்தில் சில நூறு மீட்டர் குறைவு. சாதனை செல்லாது என்றார்கள். அவர் சண்டை போடவில்லை, யாரையும் திட்டவில்லை. சில நாட்களில் மறுபடி போய் முழுவதையும் ஏறி, முன்பைவிடச் சற்று வேகமாகவே முடித்தார். அவ்வளவு பெரிய ஆளுக்கே கருவி சொன்ன எண் தப்பாகப் போயிருக்கிறது. நம் அண்ணாச்சிக்குப் போனதில் என்ன வியப்பு?

என் யோசனை இது. சமதளப் பயணங்களில் ஏற்றத்துக்குப் போட்டியே வேண்டாம். தூரத்தை எண்ணுவோம், வந்த நாட்களை எண்ணுவோம். ஏற்றப் போட்டி வேண்டுமென்றால் வாகனம் குறைந்த ஒரு மேட்டைத் தேர்ந்தெடுப்போம். அதன் உயரத்தை நானே லெவல் கருவி வைத்து அளந்து தருகிறேன், ஸ்டாஃப் பிடிக்க இரண்டு பிள்ளைகள் வந்தால் போதும். பிறகு எத்தனை முறை ஏறினோம் என்பதைக் கையால் எண்ணிப் பெருக்குவோம். எந்த போனாக இருந்தாலும் ஒரே கணக்குதான்.

ஸ்டென்ட் வைத்திருக்கும் நம் நண்பருக்கு: சிவகாசிச் சாலையில் நீங்கள் பார்த்த 327 அங்கே இல்லவே இல்லை. நானும் வழியில் உள்ள மேடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக் கூட்டிப் பார்த்தேன், 62-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. உங்கள் மருத்துவரிடம் மொத்த ஏற்றத்தைச் சொல்வதைவிட, எந்த இடத்தில் எவ்வளவு செங்குத்து, அங்கே எத்தனை நிமிடம் மூச்சு வாங்கும் என்று சொல்லிக் கேளுங்கள். உடம்புக்குத் தெரிவது அதுதான். அவர் சரி என்றால் மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். நாங்கள் காத்திருப்போம்.

கொடைக்கானல் தம்பிக்கு: வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அதில் போலியே இல்லை. உங்கள் உடம்பும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூக்க உடம்பு சுமார் 80 கிலோ கலோரி செலவழிக்கும். கிட்டத்தட்ட ஒன்றரை இட்லி. 1,800 மீட்டருக்கு 1,400-க்கும் மேல், உயரத்துக்கு மட்டும். சாதாரணமாகப் பழகிய ஒருவரால் தொடர்ந்து 100 வாட் அளவுக்கு மிதிக்க முடியும் என்றால், மணிக்கு 400 மீட்டர் உயரம்தான் ஏறலாம். நாலரை மணி நேரம், இடையில் காலை எடுக்காமல். மாதம் முழுக்கச் சமதளத்தில் சேர்த்த 1,800-க்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலையடிவாரம் வரை சில வாரம் போய்ப் பழகுங்கள். பிறகு மலையில் பாதி வரை ஒரு நாள். அப்புறம் முழு மலை. துணைக்கு ஆளோடு.

கடைசியாக ஒன்று. நாம் ஞாயிறு தோறும் கருவி மாட்டிக்கொண்டு போகும் இதே சாலையில் தினமும் விடியற்காலையில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலை வேன்களும் லோடு ஏற்றிய லாரிகளும் போகின்றன. எண்ணைப் பார்ப்பது வீட்டுக்கு வந்த பிறகு இருக்கட்டும். சாலையில் கண் சாலையிலேயே இருக்கட்டும்.

கேள்வி நேரத்தில் வந்தவை

*சி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா:* "ஆடி மாதம் ராஜபாளையம் பக்கம் போனால் சமதளத்திலேயே மலை ஏறுவது மாதிரி இருக்கிறதே, அது எந்தக் கணக்கில் வரும்?"

அது மேல்காற்று, அம்மா. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம் பலமாக அடிக்கும். உழைப்பு நிஜம்தான், ஆனால் எந்த ஏற்றக் கணக்கிலும் வராது. போகும்போது எதிர்காற்று, வரும்போது தள்ளிக்கொண்டு வரும். அதனால் அந்த மாதங்களில் முதலில் மேற்கே போய்விட்டு, திரும்பும்போது கிழக்கே வருவது நல்லது.

*ஒரு இளைஞர்:* "இதற்காகப் புதுக் கருவி வாங்க வேண்டுமா சார்?"

வேண்டாம். நம் ஊருக்கு வேண்டாம். மலைப் பாதைகளுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் காற்றழுத்தமானி உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். முதலில் கையில் உள்ள போனை லிஃப்டில் சோதித்துப் பாருங்கள். செலவில்லை. லிஃப்ட் ஒப்பந்தத்தைத்தான் இப்போது புதுப்பித்துவிட்டோமே.

அண்ணாச்சி இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். வரும் ஞாயிறு ஐந்தரை மணிக்கு வாசலில் பார்ப்போம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் வாருங்கள்.

(உரைக்குப் பின், சமதளப் பயணங்களில் ஏற்றப் போட்டியை நிறுத்திவிட்டு, வந்த நாட்களையும் தூரத்தையும் கணக்கில் எடுப்பது என்று சைக்கிள் குழுவினர் கை உயர்த்தி ஒப்புக்கொண்டனர். மேடு அளக்க ஸ்டாஃப் பிடிக்க விரும்பும் பிள்ளைகள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.)